நியூயார்க்கில் வாடகை வீடு வைத்திருக்கிறீர்களா? எச்.பி.டி. பதிவை முடிப்பது எப்படி

குவீன்ஸில் இரண்டு போர்ஷன் வீடு வாங்கி, கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடும் குடும்பங்கள் நமக்குப் பழக்கமானவைதான். சில வருடம் கழித்து நியூ ஜெர்சியில் வேறு வீடு வாங்கிக் குடிபோவார்கள். பழைய வீட்டின் இரண்டு போர்ஷனிலும் வாடகைக்காரர்கள் வந்துவிடுவார்கள். அதோடு வீட்டுக்காரர் தலையில் ஒரு புதுக் கடமையும் ஏறிவிடுகிறது. நியூயார்க் நகரின் வீட்டுவசதித் துறையான எச்.பி.டி.யிடம் அந்த வீட்டை வருடாவருடம் பதிவு செய்ய வேண்டும். பெரிய கட்டடக்காரர்களுக்கு மட்டுமான விதி இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில், உங்களுக்கு இது பொருந்துமா?

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடம் என்றால் கேள்வியே இல்லை. நீங்கள் அங்கேயே வசித்தாலும் பதிவு செய்தாக வேண்டும். ஒன்று அல்லது இரண்டு குடும்ப வீடு என்றால், உரிமையாளரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தாரோ அங்கே வசிக்காதபோது மட்டும் பதிவு தேவை. நீங்கள் கீழ் போர்ஷனில் இருக்கும் வரை தேவையில்லை.

வீட்டைப் புதிதாக வாங்கியிருந்தால், விற்றவர் செய்துவைத்த பதிவு உங்களுக்குச் செல்லாது. உங்கள் பெயரில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.

எடுத்து வைக்க வேண்டியவை

வீட்டு முகவரி போதும் என்று தோன்றும். ஆனால் நகர அலுவலகங்கள் ஒவ்வொரு மனையையும் மூன்று பகுதி கொண்ட ஓர் எண்ணால் அடையாளம் காண்கின்றன: பரோ (நகரின் ஐந்து பெரும்பகுதிகளில் ஒன்று), ப்ளாக், லாட். பரோ எண் மன்ஹாட்டனுக்கு 1, பிராங்ஸுக்கு 2, புரூக்ளினுக்கு 3, குவீன்ஸுக்கு 4, ஸ்டேட்டன் ஐலண்டுக்கு 5. இந்த எண் உங்கள் சொத்து வரி ரசீதிலேயே இருக்கும்.

கூடவே வீட்டுப் பத்திரத்தையும் எடுத்து வையுங்கள். பத்திரத்தில் உங்கள் பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ, படிவத்திலும் அப்படியே எழுதுங்கள். இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்குவதா என்ற நம் ஊர்க் குழப்பமெல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இருவரையும் குறிப்பிடுங்கள். எல்.எல்.சி. பெயரில் வாங்கியிருந்தால் நிறுவனப் பெயரை மட்டும் எழுதி முடிக்க முடியாது. அதன் பொறுப்பில் இருக்கும் ஆளின் பெயரும் முகவரியும் வேண்டும்.

மேனேஜிங் ஏஜென்ட் யார்?

மொத்தப் படிவத்திலும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். வீட்டின் பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் ஒரு மேனேஜிங் ஏஜென்ட்டைக் குறிப்பிட வேண்டும். அவர் 21 வயது நிரம்பிய ஒரு தனிநபர். நிறுவனப் பெயரை எழுதினால் செல்லாது. அவர் நியூயார்க் நகருக்குள் வசிக்க வேண்டும், அல்லது நகருக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு வாடிக்கையாகப் போய்வருபவராக இருக்க வேண்டும்.

இப்போது முதலில் சொன்ன குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நியூ ஜெர்சியின் எடிசனில் வீடு, வேலை வீட்டிலிருந்தபடியே. அவர் தன் பெயரையே ஏஜென்ட்டாகப் போட முடியாது. அதே மனிதர் தினமும் ரயிலேறி மன்ஹாட்டன் அலுவலகத்துக்குப் போய்வருபவர் என்றால், அந்த அலுவலக முகவரியைக் கொடுத்துத் தானே ஏஜென்ட்டாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் நகருக்குள் இருக்கும் நம்பகமான நண்பர் அல்லது உறவினர், அதுவும் இல்லையென்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்யும் ஒருவர்.

பேருக்கு ஒருவரை எழுதிவிடலாமே என்று ஆசை வரும். வேண்டாம். ஜனவரி மாத நள்ளிரவில் ஹீட்டர் நின்றால் வாடகைக்காரர் நகரின் உதவி எண்ணான 311-ஐ அழைப்பார். பதிவில் இருக்கும் எண்ணுக்குத்தான் எச்.பி.டி. போன் செய்யும். பிரச்சினை தீராவிட்டால் இன்ஸ்பெக்டர் வருவார். ஹீட் இல்லாதது ‘சி’ வகை மீறல், உடனடி ஆபத்து என்று அர்த்தம். நீங்கள் சரிசெய்யாவிட்டால் நகரமே ஆளை அனுப்பி வேலையை முடித்து, செலவை உங்கள் சொத்தின் கணக்கில் ஏற்றிவிடும். ஒரு போனில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்! போனை எடுக்காத மாமாவை ஏஜென்ட்டாகப் போடாதீர்கள் என்பதுதான் என் ஒரே அறிவுரை.

படிவத்தை நிரப்புதல்

எச்.பி.டி.யின் இணையதளத்தில் ‘ப்ராஸ்’ என்ற பதிவுப் பக்கம் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு தொடங்கி, முகவரியையோ ப்ளாக், லாட் எண்களையோ கொடுத்து உங்கள் கட்டடத்தைத் தேடுங்கள். பிறகு உரிமையாளர், ஏஜென்ட் விவரங்களை நிரப்புங்கள்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. முகவரிக்குத் தபால் பெட்டி எண் செல்லாது, தெரு முகவரிதான் வேண்டும். போன் எண்ணாக எந்த நேரமும் எடுக்கப்படும் எண்ணைக் கொடுங்கள்.

நிரப்பியதும் உரிமையாளர், ஏஜென்ட் இருவருடைய கையெழுத்தும் தேவை. அச்சிட்டு அனுப்பச் சொன்னால், இருவரும் கையெழுத்திட்டுத் தேதி போட்டு அனுப்புங்கள். இணையத்தில் நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. எச்.பி.டி. சரிபார்த்து ஏற்றுக்கொண்டால்தான் அது பதிவு.

கட்டணம்

கட்டடத்துக்கு வருடம் 13 டாலர். இதை எச்.பி.டி.க்கு அனுப்பக் கூடாது. நகர நிதித் துறை உங்கள் சொத்து வரி ரசீதிலேயே சேர்த்து அனுப்பும், அங்கேதான் கட்ட வேண்டும். வங்கி உங்களுக்காக வரி கட்டுகிறது என்றால் இந்தத் தொகையும் போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிவம், பணம் இரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் பதிவு செல்லும்.

செய்யாவிட்டால்?

அபராதம் உண்டு, ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு நீதிமன்றத்தில் இருக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேல் குடியிருப்புள்ள கட்டடம் என்றால், வாடகை பாக்கி வழக்குப் போடும் மனுவிலேயே எம்.டி.ஆர். எண் எனப்படும் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். 13 டாலர் கட்டாததால் பல மாத வாடகை பாக்கியைக் கேட்க முடியாமல் நிற்க நேரலாம். வீட்டில் பதிவான மீறலைச் சரிசெய்துவிட்டேன் என்று சான்று கொடுக்கவும் செல்லுபடியாகும் பதிவு தேவை. அது இல்லாவிட்டால், பழுதை நீக்கிய பிறகும் மீறல் உங்கள் பெயரிலேயே கிடக்கும்.

இது எதற்கெல்லாம் ஈடாகாது

பதிவு என்பது உரிமம் இல்லை. அனுமதியில்லாத பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருந்தால், இந்தப் பதிவு அதைச் சட்டப்படி ஆக்கிவிடாது. 1974-க்கு முன் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேல் குடியிருப்புள்ள கட்டடங்களில் பெரும்பாலானவை ‘ரென்ட் ஸ்டெபிலைசேஷன்’ என்ற வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் வருகின்றன. அவற்றுக்கு மாநில அரசிடம் தனியாக வருடாந்தரப் பதிவு இருக்கிறது. 30 நாளுக்கும் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுவது வேறு கதை. அதற்கான பதிவுச் சட்டத்தை 2023 செப்டம்பரிலிருந்து கண்டிப்பாக அமல்படுத்துகிறார்கள்.

அடுத்த வருடம்

ஒவ்வொரு பதிவும் ஆகஸ்ட் 31-உடன் காலாவதி ஆகும். செப்டம்பர் 1-க்குள் புதுப்பிக்க வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே போனில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏஜென்ட் மாறினாலோ அவருடைய எண் மாறினாலோ அப்போதே திருத்திவிடுங்கள். ‘எச்.பி.டி. ஆன்லைன்’ பக்கத்தில் உங்கள் முகவரியைத் தட்டிப் பார்த்தால், பதிவு செல்லுபடியாக இருக்கிறதா, யார் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். உங்கள் வாடகைக்காரரும் அதே பக்கத்தைப் பார்க்கலாம்.