முதல் வருஷ பிஜிக்கு ஸ்பைனல் சொல்லிக்கொடுப்பது எப்படி?

காரைக்குடி பக்கம் மயக்க மருந்து டாக்டராக இருந்தால், இடுப்பு முறிந்து வரும் ஆச்சிகளுக்கு ஸ்பைனல் (இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் போடும் ஊசி) போடுவது சாதாரண வேலை. போடத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று நானும் நினைத்தேன். எஸ்ஆர் (சீனியர் ரெசிடென்ட்) ஆன புதிதில் ஒரு பிஜி (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) பக்கத்தில் நின்று கடகடவென்று பேசிக்கொண்டே இருந்ததில், பையனுக்குக் கை நடுங்கியதுதான் மிச்சம். புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருபவர்களுக்காக இது.

படி 1: முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடுங்கள். ஆச்சி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பிஜியே போய்க் கேட்டு வரட்டும். அப்புறம் ஒரு ஒப்பந்தம்: “தம்பி, ரெண்டு தடவை முயற்சி பண்ணு, வரலைன்னா நான் வாங்கிக்கிறேன்.” இதை அப்போதே சொல்லிவிட்டால், மறுநாள் நீங்கள் ஊசியை வாங்கும்போது அவனுக்கு அவமானமாக இருக்காது.

படி 2: மாடல் முதுகில் (பயிற்சிக்கான பொம்மை முதுகு) பழக்குங்கள். பேட்டன் என்பவரின் நான்கு கட்ட முறை இதற்குச் சரியாக வரும். முதலில் வாயே திறக்காமல் செய்து காட்ட வேண்டும் (ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்து கலர் சிமெண்ட் ஊற்றுகிறவர் விளக்கம் சொல்லிக்கொண்டா ஊற்றுகிறார்?). இரண்டாவது, நிதானமாக விளக்கிக்கொண்டே செய்வது. மூன்றாவதில் அவன் சொல்ல நீங்கள் செய்ய வேண்டும்; பலர் தாண்டிப்போகும் கட்டம் இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். அவன் சொல்லாத எதையும் செய்யாதீர்கள். தோலை மரக்கவைக்கும் ஊசியை மறந்துவிட்டானா, கையை அந்தரத்தில் நிறுத்துங்கள், அவனே விழிப்பான். நான்காவதில் அவனே சொல்லிக்கொண்டு செய்வான்.

படி 3: ஆபரேஷன் தியேட்டரில் வாயைக் கட்டுங்கள். ஆச்சி முழித்துக்கொண்டுதான் இருக்கிறார், நீங்கள் “அய்யோ, அங்கே இல்லை” என்றால் அவருக்கும் கேட்கும். எலும்பு தட்டினால் உடனே திருத்தாமல், “மேலேயே தட்டுதா, ஆழத்திலயா?” என்று மெதுவாகக் கேளுங்கள். நடுக்கோட்டில் போகும்போது மேலாகவே தட்டினால் பெரும்பாலும் கீழ் முள்ளெலும்புதான், ஊசியைத் தலைப்பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும். இதை அவனே யோசித்துச் சொன்னால் ஜென்மத்துக்கும் மறக்காது.

படி 4: மருந்து உள்ளே போன பிறகு, பிபி இறங்குவதற்கு முன்பே கேளுங்கள்: “இறங்கினா என்ன கொடுப்பே, ஏன்?” பிபியை ஏற்றும் மருந்துகளில், பல்ஸ் 55தான் இருக்கிறது என்றால் பினைல்எப்ரின் அந்தப் பல்ஸை இன்னும் குறைக்கும், அங்கே எபெட்ரின் நல்லது. நிஜமாகவே இறங்கிவிட்டால் கேள்வியெல்லாம் வேண்டாம், முதலில் வைத்தியம்.

படி 5: அன்றைக்கே, டீ குடிக்கும்போது சொல்லிவிடுங்கள். “நல்லா பண்ணே” என்பதில் ஒன்றுமே இல்லை. “முதுகுத்தண்டு தண்ணி வந்தது வரைக்கும் சரி, ஆனா சிரிஞ்சு மாட்டும்போது இடது கையை முதுகில் ஊன்றலை, ஊசி நகர்ந்துடுச்சு” என்று சொல்லுங்கள். அடுத்த கேஸில் அந்த இடது கையை மட்டும் கவனியுங்கள்.