பட்டன் போனில் பாம்பு விடுவது எப்படி

காவேரிப்பட்டணத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் தாய்மாமாவுக்கு ஊருக்கு வெளியே மாந்தோப்பு. கையில் இன்னமும் நோக்கியா 1100, 2003-இல் வந்த போன். மூன்று முறை உறை மாற்றிக் கொடுத்திருக்கிறேன், போனை மாற்ற மட்டும் சம்மதிக்கமாட்டார். இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் அதன் டார்ச் வெளிச்சத்தில்தான் மோட்டார் போடப் போவார். அந்தப் போனுக்குள் குறுஞ்செய்தி வழியாக, எழுத்துகளால் வரைந்த ஒரு பாம்பை விட்டேன். உங்கள் மாமாவிடம் பட்டன் போன் இருந்தால் நீங்களும் விடலாம்.

பாம்புக்கு உடம்பு பூஜ்யம். இடைவெளி விட்டு விட்டு இப்படி அடுக்க வேண்டும்:

00
  00
    00
      00
    00
  00

இது ஒரு வளைவு. வரி இறக்குவதும் ஓர் எழுத்தாகவே கணக்காகும் என்பதால், இதற்கு 36 இடம் ஆகிறது. மூன்று வளைவுக்கு 108. ஆம்புலன்ஸ் எண்ணும் அதுதான் என்பது பிறகுதான் உறைத்தது. கடைசியில் தலை:

0:0
 ^

நடுவில் இருப்பவை கண்கள், கீழே பிளந்த நாக்கு. தலைக்கு மொத்தம் 7 இடம். எண்ணிப் பார்த்தால் 6 தானே என்பீர்கள். குறுஞ்செய்தியின் அடிப்படை எழுத்துப் பட்டியலில் அந்த நாக்குக் குறி இல்லை, அதனால் இரண்டு இடம் பிடிக்கும். சதுர அடைப்புக்குறியும் அப்படித்தான். முதல் தடவை செதில் நன்றாக வரட்டும் என்று சதுர அடைப்புக்குறியாகவே அடுக்கினேன். ஒரு குறுஞ்செய்திக்கு உரிய 160 இடத்தைத் தாண்டி, பாம்பு இரண்டு செய்திக்கான காசைத் தின்றது.

மிச்சம் 45 இடம். அதில், பாம்புக்கு மேலே, படிப்பவரைக் கீழே இழுக்கும் தூண்டில் வரி. தமிழ் எழுத்தில் அடிக்காதீர்கள். ஒரே ஓர் எழுத்து தமிழில் இருந்தாலும் முழுச் செய்திக்கும் 70 இடம்தான், பாம்பு பாதியில் அறுந்துவிடும். ஆங்கில எழுத்தில் தமிழை அடியுங்கள். அதிலும் கவனம் வேண்டும். ‘மாமா, தோட்டத்தில் பார்த்தேன். கீழே போங்கள்’ என்று நான் அனுப்ப, அவர் கூப்பிட்டு, “என்ன மாப்பிள்ளை, கீழே பொங்கலா?” என்றார். இப்போது ‘கீழே பாருங்கள்’ என்றுதான் அடிக்கிறேன்.

இதைக் கணினியிலோ தொடுதிரை போனிலோ வரையாமல் பட்டன் போனிலேயே வரையுங்கள். கணினியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் வைத்து வரைந்தது, இந்தப் போனில் இடைவெளி ஒடுங்கி, பாம்பு விறைத்த கயிறாகிவிடும். சொல்லை ஊகிக்கும் அகராதியை முதலில் அணைத்துவிடுங்கள். 0 விசையை ஒரு முறை தட்டினால் இடைவெளி, அழுத்திப் பிடித்தால் பூஜ்யம். நட்சத்திர விசையில் குறிகள் வரும்.

வேடிக்கை திரையின் சிறுமையில் இருக்கிறது. 96-க்கு 65 புள்ளி மட்டுமே உள்ள திரையில் முதலில் தூண்டில் வரியும் கொஞ்சம் வாலும்தான் தெரியும். கீழ் விசையைத் தட்டத் தட்ட உடம்பு இடமும் வலமுமாக நெளிந்து ஏறும். 1997-இல் நோக்கியா 6110-இல் வந்த பாம்பு விளையாட்டு தானாக ஓடியது. இதை ஓட்டுவது படிப்பவரின் கட்டைவிரல்.

இரவில் மட்டும் அனுப்பாதீர்கள். மோட்டார் அறைப் பக்கம் உண்மையான பாம்பே உண்டு. நான் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பினேன். அத்தை சொன்னபடி, மாமா தலை வரும்வரை விசையைத் தட்டி, நாக்கைப் பார்த்ததும் போனைச் சோற்றுத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் கடைக்கு வந்தார். விசைக்குள் ரசம் போயிருந்தது. சுத்தம் செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “இதில் கீரி வருமா? சம்பந்திக்கு அனுப்ப வேண்டும்” என்றார்.

மூன்று நாளாக முயல்கிறேன். வாலுக்கே 90 இடம் போய்விடுகிறது.