அருங்காட்சியகத்தில் திரை மாட்டுவதற்கு முன்

சின்ன அருங்காட்சியகம், கோயில் காட்சிக்கூடம், கல்லூரிக் கண்காட்சி என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது "எத்தனை இஞ்ச் போடலாம் சார்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பார்க்கிறவர் கண்ணுக்கு எது தெரியாமல் போகிறது, அதை முதலில் கண்டுபிடியுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் திரை வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நல்ல விளக்கப் பலகை போதும், கரண்ட் பில்லும் மிச்சம்.

கீழடியை எடுத்துக்கொள்வோம். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் குவிரன், ஆதன் என்றெல்லாம் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறியிருக்கிறார்கள். பேப்பரில் படித்துவிட்டு ஆசையாக வருகிறவருக்கு அப்படி ஓர் ஓடு எப்படித் தெரியும்? உள்ளங்கைக்குள் அடங்குகிற துண்டு, அதில் நகத்தால் இழுத்தது போலச் சில கோடுகள். எது எழுத்து, எது சும்மா கீறல் என்று பிடிபடாமல் இரண்டு விநாடி நின்றுவிட்டு நகர்ந்துவிடுவார். திரைக்கு வேலை இருக்கிற இடம் இதுதான். ஓட்டின் ஒரு பக்கமாக, தரையோடு தரையாக வெளிச்சம் விழும்படி டார்ச் வைத்துப் படம் எடுங்கள்; கீறலின் பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். பிறகு ஒரு வண்ணக் கோடு முதல் எழுத்தின் மேல் மெதுவாக ஓடட்டும், பக்கத்தில் இன்றைய 'ஆ' வரட்டும், அடுத்து 'த', அடுத்து 'ன்'. மூன்றே எழுத்து, இருபது விநாடி. கடைசியில் அந்த ஓடு பெட்டிக்குள் எந்த வரிசையில் எத்தனையாவதாக இருக்கிறது என்று காட்டிவிட்டுப் படம் அசையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் ஆள் திரையை விட்டுவிட்டுக் குனிந்து பெட்டியைப் பார்ப்பார், கூட வந்த பிள்ளையிடம் "அதோ பார், அதுதான் ஆ" என்பார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார் என்றால் நீங்கள் செய்தது டிவி, அதை அவர் வீட்டிலேயே பார்த்திருக்கலாம்.

செப்பேடுகளுக்கும் இதே கதைதான். சோழர் காலத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் 31 ஏடுகள், எல்லாம் ஒரே வளையத்தில் கோத்தவை. இப்படிப்பட்ட கட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்தால் மேலே இருக்கிற ஏடு தெரியும், ராஜமுத்திரை தெரியும், மீதி அடியில் கிடக்கும். ஒவ்வொரு ஏடாகப் புரட்டிப் பார்க்க ஒரு தொடுதிரை வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு. வெண்கலச் சிலைகள் இன்னும் சுவாரசியம். உற்சவர் சிலைகளின் பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும். கழி செருகிக் கட்டி வீதியுலா கொண்டுபோவதற்காக அது. பட்டும் பூவும் சாத்தி, தோளில் தூக்கிப் போகிற ஒரு நிமிடப் படத்தைப் பக்கத்தில் ஓடவிட்டால், அந்தத் துளையை ஜனம் தானாகவே தேடிப் பார்க்கும்.

திரை தேவையே இல்லாத இடமும் உண்டு. ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே விட்டுவைத்து மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழியைப் பார்த்து நிற்கிறவருக்கு எதிர்ச் சுவரில் டிரோன் காட்சி எதற்கு?

சரி, திரை வேண்டும் என்று முடிவாகிவிட்டது. உடனே கடைக்கு ஓடாதீர்கள். நினைத்திருக்கிற அளவுக்கு அட்டையை வெட்டி, நினைத்திருக்கிற உயரத்தில் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். வழியை மறிக்கிறதா, ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுகிறதா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் ஒரே நேரத்தில் வந்தால் எங்கே நிற்பார்கள் என்று எல்லாமே தெரிந்துவிடும். மேலை நாட்டுப் படங்களைப் பார்த்து மிரளவும் வேண்டாம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2013-இல் 40 அடி நீளத்துக்குத் தொடுசுவரே வைத்தது. நம் ஓட்டுத் துண்டுக்கு 43 இஞ்ச் தாராளம்.

உயரத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ஹோட்டலில் கிரிக்கெட் பார்க்க மாட்டுகிற மாதிரி ஏழடியில் மாட்டிவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே என்பார்கள். சொல்ல மாட்டார்கள், பார்க்காமல் போய்விடுவார்கள். பார்க்கிற திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடியில் இருக்கட்டும். தொடுகிற திரை என்றால் பொத்தான்கள் எல்லாம் நான்கடிக்குக் கீழே வர வேண்டும், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் எட்ட வேண்டும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும்.

வெளிச்சம் அடுத்தது. ஓலைச்சுவடி, துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் விழக் கூடாது என்பது பொதுவான கணக்கு, அதாவது அந்த அறையே மங்கலாகத்தான் இருக்கும். அங்கே கடையில் ஜொலித்த அதே அமைப்பில் டிவியை ஓடவிட்டால் கண் திரைக்குப் பழகிவிடும், அப்புறம் சுவடி வெறும் கறுப்புப் பட்டையாகத்தான் தெரியும். பிரகாசத்தைக் குறையுங்கள், வெள்ளைப் பின்னணியே வேண்டாம், கரும்பழுப்பில் இளமஞ்சள் எழுத்து போடுங்கள். எதிரே இருக்கும் பெட்டிக் கண்ணாடியில் திரையின் பிம்பம் விழுகிறதா என்பதையும் பாருங்கள். ஒருவர் போனை வெள்ளைத் திரையாக்கி அந்த இடத்தில் பிடிக்கட்டும், இன்னொருவர் பெட்டிகளைச் சுற்றி வரட்டும். ஐந்து நிமிட வேலை.

இனி தமிழ் எழுத்து. என் அனுபவத்தில் பாதித் தலைவலி இங்கேதான். ஒருமுறை ஒரு கண்காட்சிக்குத் தயாரித்துக் கொடுத்த படத்தில் 'கோயில்' என்பது கொம்பு இடம் மாறி, ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு, அதன் பின்னால் ஒரு கால் தனியாக நின்றது. எடிட் செய்தவருக்குத் தமிழ் தெரியாது, பார்த்து ஒப்புதல் கொடுத்தவர் அவசரத்தில் இருந்தார், திறப்பு விழாவுக்கு முந்தின இரவில்தான் கவனித்தோம். எடிட்டிங் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாமே இப்படி உடையும். பழைய பாமினி வகை எழுத்துருவில் அடித்த உரையைத் தந்தால் முதலில் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எதுவானாலும் 'கொற்கை', 'கௌதமன்', 'ஸ்ரீ' என்று மூன்று சொல்லை அடித்து, கணினியில் இல்லை, மாட்டப்போகும் திரையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பத்தடி தூரத்தில் நின்று சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஓர் இஞ்ச் உயரம் இருந்தால் நல்லது. 43 இஞ்ச் முழு எச்டி திரையில் ஒரு புள்ளி (பிக்சல்) ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், ஆக அந்த ஓர் இஞ்சுக்கு 50 புள்ளி வேண்டும். தமிழ் எழுத்துக்கு மேலேயும் (கி, கீ) கீழேயும் (கு, கூ) வளைவுகள் வருவதால் வரிக்கு வரி 100 புள்ளி இடைவெளி விடுங்கள். மேல் கீழ் ஓரம் போக எட்டு வரி, வரிக்கு நான்கு சொல். ஒரு திரைக்கு முப்பது சொல்தான் கொள்ளும். ஆய்வாளர் எழுதிக் கொடுக்கும் 200 சொல் பத்தி இதில் நுழையாது. அவரோடு சண்டை போட்டாவது வெட்டுங்கள், மீதியைப் பலகைக்கோ கையேட்டுக்கோ அனுப்புங்கள். எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்று கேட்டால், நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள், அந்த நேரம்தான்.

சத்தம் வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம். இரண்டு நிமிடப் படம் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 240 தடவை. பார்வையாளர் ஒரு தடவைதான் கேட்பார், அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி 240 தடவையும் கேட்பார். மூன்றாம் நாளே ஒலியை அணைத்துவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. வரிகளைத் திரையிலேயே போடுங்கள். காதால் கேட்டே தீர வேண்டிய விஷயம் என்றால் ஒற்றைக் காதில் வைத்துக் கேட்கிற, பழைய போன் மாதிரியான ரிசீவர் மாட்டுங்கள்.

வீட்டு டிவி போதுமா? பத்து நாள் கண்காட்சிக்குப் போதும். நிரந்தரக் கூடத்துக்கு வணிகப் பயன்பாட்டுத் திரையே வாங்குங்கள். ஒரு நாளைக்கு 16 மணி நேரமோ 24 மணி நேரமோ ஓடும் என்று எழுதிக் கொடுப்பார்கள், செங்குத்தாக மாட்டலாமா என்பதும் அதிலேயே இருக்கும். வீட்டு டிவியைக் கடைக்காரர் பேச்சைக் கேட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் வாரண்டி போய்விடலாம். ஓஎல்இடி வகைத் திரை வேண்டாம், மூலையில் நாள் முழுக்க நிற்கும் சின்னம் நிரந்தரத் தழும்பாகிவிடும்.

பென் டிரைவை டிவியிலேயே செருகி ஓட்டுவது மலிவு, ஆனால் பல டிவிகளில் படம் ஒவ்வொரு முறை முடியும்போதும் கோப்பின் பெயர் திரையில் வந்து போகும். சோழர் செப்பேட்டுக்கு நடுவில் 'பைனல் 3 புதுசு' என்று வருவது அழகில்லை. ராஸ்ப்பெரி பை போன்ற சின்னக் கணினி ஒன்றைப் பின்னால் ஒட்டி, இணையத்தைத் துண்டித்து, தானாகத் தொடங்கும்படி அமைத்துவிடுங்கள். நம் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை, திடீரென்று அணைந்தால் அந்தக் கணினியின் மெமரி கார்டு கெட்டுப்போகலாம், அதனால் கார்டில் எதுவும் எழுதப்படாதபடி பூட்டிவிட வேண்டும், அதற்கு அதிலேயே அமைப்பு இருக்கிறது. கரண்ட் திரும்பி வந்ததும் திரை தானே எரிந்து சரியான இன்புட்டுக்குப் போகிறதா என்று பார்க்க ஒரே வழி, எல்லோர் முன்னாலும் மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவது. ஒப்பந்தக்காரர் கிளம்புவதற்கு முன் மூன்று முறை செய்யுங்கள்.

விரலைக் கண்டுபிடிக்கச் சுற்றிலும் அகச்சிவப்புக் கதிர்ச் சட்டம் (பிரேம்) வைத்த தொடுதிரை வாங்கினால் ஒன்று கவனம். வெயில் நேராக விழுந்தாலும், சட்டத்தின் ஓரத்தில் தூசி அடைந்தாலும், ஒரு பூச்சி உட்கார்ந்தாலும் அது விரல் என்று நினைத்துக்கொண்டு தானே பக்கம் புரட்டும். பேய் என்று புகார் வரும். காலையில் உலர்ந்த துணியால் ஓரங்களைத் துடைத்தாலே பாதி சரியாகிவிடும்.

திரை மாட்டியவர் ஊருக்குப் போய்விடுவார், ரிமோட் யாருடைய மேஜைக்குள்ளோ போய்விடும். எந்த சுவிட்ச் முதலில், எது இரண்டாவது, படம் வராவிட்டால் எதைப் பிடுங்கிச் செருக வேண்டும் என்று தமிழில் ஐந்து வரி எழுதி லேமினேட் செய்து திரைக்குப் பின்னால் ஒட்டுங்கள். படம் ஏற்றிய இன்னொரு மெமரி கார்டை உறையில் போட்டு, மேலே தேதியை எழுதி, காப்பாட்சியரின் அலமாரியில் வையுங்கள்.