அப்டேட் போட்டதும் புரோகிராம் திறக்கவில்லையா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஆர்ச், ஜென்டூ மாதிரி ரோலிங் லினக்ஸில் புதிய பேக்கேஜ்கள் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும். பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு லைப்ரரி, பழையதோடு பொருந்தாதபடி மாறினால், அதை நம்பியிருப்பவற்றை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது மூலநிரலிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். ஆர்ச்சின் சொந்த ரெப்போவில் (பேக்கேஜ் களஞ்சியத்தில்) உள்ளவற்றை அவர்களே கம்பைல் செய்து தந்துவிடுவார்கள். பயனர்களே பகிரும் தொகுப்பான ஏயூஆரிலிருந்து நாம் போட்டுக்கொண்டவை நம் பொறுப்பு. ஜென்டூவில் பெரும்பாலும் எல்லாமே நம் தலையில்தான். இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. ஆனால் இதில் பாதிச் சுமை நாமாக இழுத்துக்கொள்வது.

யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய பதிப்பு வரும். ஒவ்வொரு முறையும் லைப்ரரிக் கோப்பின் பெயரில் உள்ள எண் மாறும். லிப்ரேஆபிஸ், கியூட்டி, போஸ்ட்கிரெஸ் எல்லாம் அதை நம்பியிருக்கின்றன. இந்த நேரத்தில், பேக்கேஜ் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு வேண்டிய ஒன்றை மட்டும் நிறுவினால், புதியது ஐசியு 75-ஐத் தேடும், வட்டில் ஐசியு 74 இருக்கும். அரைகுறை அப்டேட்டை ஆர்ச் ஆதரிப்பதில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். போட்டால் முழுதாகப் போடுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இதைவிட மோசமானது சிம்லிங்க் வைத்தியம், அதாவது ஒரு கோப்பை வேறு பெயரில் சுட்டும் குறுக்குவழி. '74 கோப்பைக் காணவில்லை' என்று பிழை வந்ததும், 75-க்கு 74 என்று பெயரிட்டு ஒரு லிங்க் போடச் சொல்லும் ஆலோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐசியுவில் ஃபங்ஷன் பெயரிலேயே பதிப்பு எண் ஒட்டியிருக்கும். புரோகிராம் யு_ஸ்ட்ர்லென்_74 என்று கேட்கும், கோப்புக்குள் யு_ஸ்ட்ர்லென்_75தான் இருக்கும். உடனே நின்றுவிடும், அது நல்லதுதான். அப்படி எண் ஒட்டாத லைப்ரரி என்றால் புரோகிராம் திறந்துவிடும், ஓடவும் ஓடும். ஆனால் உள்ளே ஒரு ஸ்ட்ரக்சரின் (தரவுத் தொகுப்பின்) அமைப்பு மாறியிருந்தால் நினைவகத்தில் தப்பான இடத்தில் எழுதும். திடீரென்று நின்றுபோகலாம், சேமித்த கோப்பே கெட்டுப்போகலாம். காரணம் அந்த லிங்க்தான் என்று பிறகு யாருக்கும் தோன்றாது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மறுபடி கம்பைல் செய்வதுதான் ஒரே வழி.

அதற்காக எல்லாவற்றையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. எல்டிடி கட்டளை, ஒரு புரோகிராமுக்கு எந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று காட்டிவிடும். ஆர்ச்சில் ரீபில்டு-டிடெக்டர் என்ற கருவியைப் போட்டுக்கொண்டால், மறுபடி கட்ட வேண்டியவற்றின் பட்டியலே கிடைக்கும். பைத்தானுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பதிப்பு வரும். ஆர்ச் அதற்கு மாறிய பிறகு பழைய பதிப்பின் டைரக்டரியில் எந்தெந்தப் பேக்கேஜின் கோப்புகள் தங்கியிருக்கின்றன என்று ஆர்ச்சின் பேக்கேஜ் நிர்வாகக் கருவியான பேக்மேனிடம் கேளுங்கள். அவற்றை மட்டும் மறுபடி கட்டினால் போதும். ஜென்டூவோ பழைய லைப்ரரியைத் தேவை தீரும்வரை வைத்திருந்து, மறுபடி கட்ட வேண்டியவற்றைப் பிரிசர்வ்டு-ரீபில்டு என்ற தொகுப்பில் சேர்த்துவிடும். பதற வேண்டாம், அதே சமயம் மாதக்கணக்கில் போட்டும் வைக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொரு தவறு, பிராசசரில் இருக்கிற கோர் எல்லாவற்றையும் கம்பைலுக்குக் கொடுப்பது. ஒரே சமயத்தில் ஓடும் கம்பைல் வேலை ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி ரேம் என்பது ஜென்டூவின் கணக்கு. 8 ஜிபி மெஷினில் 8 வேலை ஓடவிட்டால், கியூட்டி வெப்எஞ்சின் பாதியில் நினைவகம் தீர்ந்து கொல்லப்படும், அதுவரை காத்திருந்த நேரமெல்லாம் வீண். 4 போதும். பிரவுசர், ரஸ்ட் மாதிரி பெரியவற்றுக்கு ஏற்கெனவே கம்பைல் செய்த ரெடிமேட் பைனரியே எடுத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் கடைசியிலிருந்து ஜென்டூவே ஏராளமான பைனரிகளைத் தருகிறது.

அப்டேட்டுக்குப் பயந்து பல மாதம் தள்ளிப்போடுவதும் உதவாது. ஆர்ச்சில் கீரிங் (கையொப்பம் சரிபார்க்கும் சாவிகளின் தொகுப்பு) பழசாகி, வரும் பேக்கேஜ்களின் கையொப்பத்தையே சரிபார்க்க முடியாமல் போகும். அப்போது முதலில் கீரிங்கைப் புதுப்பித்து, கையோடு முழு அப்டேட்டையும் போட வேண்டும். போடுவதற்கு முன் ஆர்ச்சின் செய்திப் பக்கத்தை ஒரு பார்வை பாருங்கள். கையால் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அங்கே சொல்லியிருப்பார்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரெப்போவில் இல்லாமல் நம் மெஷினில் மட்டும் இருக்கும் பேக்கேஜ்களைப் பேக்மேன் தனியாகப் பட்டியலிடும். எப்போதோ சோதித்துப் பார்க்கப் போட்டு மறந்தவை அதில் இருக்கும். நீக்கிவிட்டால், அடுத்த ஐசியு வரும்போது அவற்றைக் கம்பைல் செய்யும் வேலை இருக்காது.