வாகன ஏசிக்கு மாதிரி கட்டும்போது ஈரப்பதனையும் சேருங்கள்

வாகனக் குளிரூட்டிக்குக் கணித மாதிரி அமைக்கத் தொடங்குபவர்கள் பலர் உள்ளறையின் வெப்பநிலையை மட்டுமே மாறியாக எடுத்துக்கொள்கிறார்கள்; திருகோணமலை போன்ற கடலோர ஊருக்கு அது போதவே போதாது. வெளி வளி 30 பாகை செல்சியஸிலும் 80 சதவீத ஈரப்பதனிலும் இருக்கும் ஒரு மாலையில், அதை 25 பாகைக்கும் 50 சதவீதத்துக்கும் கொண்டுவர, ஒவ்வொரு கிலோகிராம் வளியிலிருந்தும் சூட்டைக் குறைப்பதற்கு ஏறக்குறைய 5 கிலோயூலும், நீராவியை ஒடுக்குவதற்கு, அதாவது நீராக மாற்றுவதற்கு, ஏறக்குறைய 29 கிலோயூலும் அகற்ற வேண்டியிருக்கிறது. உலர்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த விகிதம் மாறிவிடும்.

ஆகவே வளியின் வெப்பநிலை, இருக்கை முதலிய திண்மங்களின் வெப்பநிலை, வளியிலுள்ள நீராவி என மூன்று நிலைமாறிகளை (உள்ளறையின் நிலையைக் காட்டும், நேரத்தோடு மாறும் அளவுகளை) வையுங்கள். கோணேசர் கோயிலடியில் நண்பகலில் நிறுத்திய காரின் கண்ணாடிகளை இறக்கினால் சூடான வளி சற்று நேரத்தில் வெளியேறிவிடும், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. முதலிரண்டையும் பிரித்துவைப்பதற்கு இதுவே காரணம்.

நீராவிச் சுமையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஏசியை ஓடவிட்டு, காரின் அடியில் வடிகுழாயிலிருந்து நீர் சீராகச் சொட்டத் தொடங்கிய பின், 15 நிமிடங்களுக்கு ஒரு போத்தலில் பிடியுங்கள். 300 மில்லிலீற்றர் சேர்ந்தால், ஒரு கிலோகிராமுக்கு 2,500 கிலோயூல் என்ற கணக்கில், ஆவியாக்கி (உள்வளியைக் குளிர்விக்கும் தகடுகள் கொண்ட பகுதி) நீரை ஒடுக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 0.83 கிலோவாற்றுச் செலவிட்டிருக்கிறது. மாதிரி தரும் எண் இதனோடு ஒத்துப்போகும்வரை கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போகாதீர்கள்.

கட்டுப்பாட்டை இரு வளையங்களாக, அதாவது அளந்து பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும் இரு சுற்றுகளாக, அமைப்பது நல்லது. உள்வளையம் ஆவியாக்கித் தகடுகளின் வெப்பநிலையைப் பார்த்து, 3 பாகையில் கொம்பிரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளச்சை விடுவித்து 5 பாகையில் மீண்டும் இணைக்கட்டும். இடைவெளியை இதிலும் குறுக்கினால் கிளச் அடிக்கடி இணைந்து தேயும், கீழெல்லையைத் தாழ்த்தினால் தகடுகளில் பனிக்கட்டி படிந்து வளியோட்டம் அடைபடும். வெளிவளையம் உள்ளறை வெப்பநிலைக்கு ஏற்ப புளோவர் வேகத்தை மாற்றட்டும். புளோவர் உச்ச வேகத்தை எட்டியதும் தொகையீட்டு உறுப்பை (வெப்பநிலைப் பிழையை நேரத்தோடு கூட்டிச் சேர்க்கும் பகுதியை) நிறுத்திவையுங்கள், இல்லாவிடில் அறை குளிர்ந்த பின்னும் அது நெடுநேரம் வேகம் குறையாமல் வீசும்.

மார்கழி மழையில் நனைந்த பயணிகள் ஏறினால் உள்ளறை குளிராக இருந்தும் முன்கண்ணாடி புகைபடியும். கண்ணாடியின் வெப்பநிலை உள்வளியின் பனிபடுநிலையை (நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) நெருங்கும்போது, உறைவுக் காப்புக்கு (மேலே சொன்ன 3 பாகை எல்லைக்கு) மட்டும் கட்டுப்பட்டு, வளியை உலர்த்தக் கொம்பிரசரை ஓடவிடும் விதிக்கு, வெப்பநிலைக் கட்டளையைவிட முன்னுரிமை கொடுங்கள்.