கூரையில் விழும் மழைக்கு நாம் கட்டும் பணம்

இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ புதிதாக வந்து வீடு எடுத்தவர்களுக்கு முதல் தண்ணீர் பில் சற்றுத் தலையைச் சுற்ற வைக்கும். குழாயில் வருகிற தண்ணீருக்கு ஒரு தொகை இருக்கும், வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீருக்கு இன்னொரு தொகை இருக்கும். சில ஊர்களில் இரண்டுக்கும் வெவ்வேறு நிறுவனங்கள். வடமேற்கு லண்டனின் ஹரோவில் குழாய்த் தண்ணீர் தருவது அஃபினிட்டி வாட்டர், கழிவுநீரை எடுத்துச் செல்வது தேம்ஸ் வாட்டர். ஸ்கொட்லாந்தில் இந்தக் கட்டணம் கவுன்சில் வரியோடு சேர்ந்து வருகிறது. வட அயர்லாந்தில் வீடுகளுக்குத் தண்ணீர் பில்லே கிடையாது. ஆகவே இங்கே எழுதுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்கு.

கழிவுநீர்த் தொகைக்குள் மூன்று விடயங்கள் அடங்கியிருக்கின்றன. சமையலறை, குளியலறை, மலசலகூடத்திலிருந்து போகும் நீர் முதலாவது. உங்கள் கூரையிலும் முற்றத்திலும் விழுந்து பொதுக் கழிவுநீர்க் குழாய்க்குள் போகும் மழைநீர் இரண்டாவது. தெருக்களில் விழும் மழைநீர் மூன்றாவது. தெரு மழைக்கான பங்கை எல்லோரும் சுமக்கிறார்கள், அதைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் உங்கள் கூரை மழை பொதுக் குழாய்க்குள் போகவே இல்லை என்றால், இரண்டாவதை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. இதற்குப் பெயர் ‘சர்ஃபேஸ் வாட்டர் டிரெய்னேஜ்’ கட்டணம். இந்தப் பெயரை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தொலைபேசியிலும் படிவத்திலும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நாங்கள் ஏழு ஆண்டுகள் அதைக் கட்டினோம். எட்டாவது ஆண்டு வளவின் பின்பக்கத்தில் ஒரு சிறு கொட்டில் போட நிலத்தை வெட்டத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு முதியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, அந்த இடத்தில் வெட்டாதே, அதற்குக் கீழேதான் உன் வீட்டு மழைத்தண்ணீர்க் குழி இருக்கிறது, அதைத் தோண்டியதை நான் பார்த்திருக்கிறேன் என்றார். அப்படியென்றால் என் கூரை மழை பொதுக் குழாய்க்குப் போகவே இல்லை. அன்றிரவு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். விண்ணப்பித்தபோது நிறுவனம் மறுக்கவில்லை, மரியாதையாகவே பதில் எழுதியது. ஆனால் அந்த நிதியாண்டின் பணத்தை மட்டும்தான் தந்தது. முந்தைய ஏழு ஆண்டுப் பணம் போனது போனதுதான். கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று நிறுவனம் வந்து பார்ப்பதில்லை. பொதுக் குழாய்க்குள் போகிறது என்று எடுத்துக்கொண்டு பில் அனுப்புகிறது. இல்லை என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அதை வந்த முதல் மாதமே செய்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொகை வீட்டின் வகையையும் நிறுவனத்தையும் பொறுத்தது. தனி வீட்டுக்கு, வரிசை வீட்டைவிடக் கூடுதலாகக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. ஒரே ஆண்டில் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் போகிற பணம் அது.

எத்தனை ஆண்டுகள் பின்னோக்கித் தருவார்கள் என்பது ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிடும் கட்டண விதிகளில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, நீங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே கேளுங்கள். குறைத்துத் தருவதாக இருந்தால் அவர்களே குறைக்கட்டும்.

அந்த மழைத்தண்ணீர்க் குழிக்கு இங்கே ‘சோக்அவே’ என்று பெயர். நமக்கு அது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் ஊடாக இறங்கித்தான் நம் கிணறுகளை நிரப்புகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியை நினைத்துப் பார்க்கலாம். இங்கேயும் அதே வேலைதான். நிலத்துக்கடியில் கல்லும் செங்கல் துண்டுகளும் போட்டு நிரப்பிய குழி, புதிய வீடுகளில் பிளாஸ்டிக் கூடைகளை அடுக்கிய குழி. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் அதற்குள் போய்ச் சேரும், நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும். கட்டட விதிகளின்படி அது வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் பின் வளவின் நடுப்பகுதியில் புல்லுக்குக் கீழே மறைந்திருக்கும். வீட்டு மழைநீர் நேராக ஓர் ஓடைக்கோ ஆற்றுக்கோ கால்வாய்க்கோ போனாலும் இதே உரிமை உண்டு.

எல்லா வீட்டுக்கும் இது கிடைக்காது, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மண் எப்படிப்பட்டது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். தெற்கு லண்டனில் குரொய்டனுக்குத் தெற்கே பேர்லி, கூல்ஸ்டன் பக்கம் சுண்ணாம்பு நிலம், தண்ணீர் எளிதாக இறங்கும், குழி வைத்த வீடுகள் அதிகம் இருக்கக்கூடும். ஹரோ, வெம்பிளி போன்ற இடங்களில் நிலம் லண்டன் களிமண். அதற்குள் நீர் இறங்காது, ஆகவே குழி இருப்பது அரிது. உள் லண்டனின் விக்டோரியா காலத் தெருக்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் போகின்றன. 1858இல் தேம்ஸ் நதியில் கலந்த கழிவுநீரால் லண்டனே நாறிய ‘பெரும் நாற்றத்துக்கு’ப் பிறகு பாசல்ஜெட் என்ற பொறியாளர் அமைத்த கட்டமைப்பு அது. கனமழையில் அது நிரம்பித் தேம்ஸ் நதிக்குள் வழிவதைத் தடுக்கத்தான் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைக் கட்டி, 2025இல் முழுமையாக இணைத்தார்கள். அப்படிப்பட்ட தெருவில் இருப்பவர்கள் கட்டும் மழைநீர்க் கட்டணம் நியாயமான கட்டணம்தான். பொய்யாக விண்ணப்பிக்க வேண்டாம்.

நம்மவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சில புறநகர்களில் மழைநீருக்கென்றே தனியாக ஒரு பொதுக் குழாய் ஓடும், அது கடைசியில் ஆற்றில் விழும். ‘என் வீட்டுத் தண்ணீர் ஆற்றுக்குத்தானே போகிறது’ என்று சொல்லிப் பயனில்லை. அந்தக் குழாயும் நிறுவனத்துடையதுதான், அதற்கும் கட்டணம் உண்டு. அதேபோல், 2011 அக்டோபர் 1 அன்று, பல வீடுகள் சேர்ந்து பயன்படுத்திய தனியார் குழாய்கள் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாறின. உங்கள் வளவின் கீழே ஓடுகிற, அயல்வீட்டோடு பகிர்ந்த குழாய் இன்று பொதுக் குழாயாகவே இருக்கலாம்.

சோதிப்பது எளிது. காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எத்தனை பீலிக் குழாய்கள் இறங்குகின்றன, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று குறியுங்கள். வளவில் இருக்கும் கழிவுநீர் மேன்ஹோல் மூடியை ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டிருக்க (மூடி கனமானது, பிள்ளைகளை அருகே விடாதீர்கள்), இன்னொருவர் பீலிக் குழாயின் அடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும். உணவுக்குச் சேர்க்கும் நிறத்தைக் கலந்தால் தெளிவாகத் தெரியும். அந்த நீர் மேன்ஹோலில் ஓடி வந்தால் அது பொதுக் குழாய்க்குத்தான் போகிறது. வரவில்லை என்றால் நம்பிக்கை இருக்கிறது. எல்லாக் குழாய்களையும் சோதியுங்கள். பின்பக்கம் குழிக்குப் போகும், முன்பக்கம் தெருக் குழாய்க்குப் போகும் என்ற வீடுகள் ஏராளம். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு பக்கம் மட்டும் குழிக்குப் போவதை ஏற்பதில்லை. கார் நிறுத்தும் முன்முற்றத்தில் விழும் மழை சாய்வாகத் தெருவுக்குப் போனாலும் கேள்வி எழும். முன் தோட்டத்தைக் கல் பதித்து மூட நினைப்பவர்களுக்கு இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இங்கிலாந்தில் 2008 அக்டோபர் முதல், நீர் இறங்காத பொருளால் 5 சதுர மீட்டருக்கு மேல் மூடி, தண்ணீரைத் தெருவுக்கு விட்டால் திட்டமிடல் அனுமதி தேவை.

வீடு வாங்கியவர்களுக்கு ஒரு கடதாசி ஏற்கெனவே கையில் இருக்கும். வாங்கும்போது உங்கள் சட்டத்தரணி, தண்ணீர் மற்றும் வடிகால் தேடல் என்று ஒன்றைச் செய்திருப்பார், ‘கான் 29 டிடபிள்யூ’ என்பது அதன் பெயர். மழைநீர் பொதுக் குழாய்க்குப் போகிறதா என்ற கேள்விக்கு அதில் ஒரு பதிலும், குழாய் வரைபடமும் இருக்கும். அந்தக் கோப்பை நாம் யாருமே திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதில் ‘இல்லை’ என்று இருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை. ‘ஆம்’ என்று இருந்தாலும் உடனே கைவிடாதீர்கள். அந்தப் பதில் பெரும்பாலும் வரைபடத்தைப் பார்த்து எழுதப்படுவது, யாரும் வாளியோடு வந்து பார்த்து எழுதியதல்ல.

பில்லில் அந்த வரி தனியாகத் தெரியவில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். சில நிறுவனங்கள் அதை நிலையான கட்டணத்துக்குள் சேர்த்துவிடுகின்றன. மீட்டர் இல்லாத வீடுகளுக்குப் பழைய வீட்டு மதிப்பை வைத்துக் கணக்கிடும் பில்லில் அது இன்னும் மறைந்துபோகும். தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். விண்ணப்பப் படிவம், உங்களிடம் கழிவுநீர்க் கட்டணம் வாங்கும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்கும். கணக்கு இலக்கம், வீட்டின் வகை, ஒரு சிறு வரைபடம், இவ்வளவுதான். குழி எங்கே, சுவரிலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பீலி எங்கே போகிறது என்று கையால் வரைந்தாலே போதும். அயல் வீடுகளில் யாருக்காவது ஏற்கெனவே இந்தக் கட்டணக் குறைப்பு கிடைத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரே காலத்தில் கட்டிய வரிசையில் ஒரு வீட்டுக்குக் குழி இருந்தால் மற்றவற்றுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம், அதை விண்ணப்பத்திலும் எழுதலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் இது வீட்டுக்காரர் விடயம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. பில் உங்கள் பெயரில் வந்தால் கேட்கும் உரிமையும் உங்களுடையதே. வீட்டுக்காரர் உங்களிடம் தண்ணீர்ப் பணத்தைத் தனியாக வாங்கினால், தான் நிறுவனத்துக்குக் கட்டுவதற்கு மேல் ஒரு நியாயமான சிறு நிர்வாகச் செலவை மட்டுமே சேர்க்கலாம். கவுன்சில் வீடுகளுக்கும் இது பொருந்தக்கூடும். 2016இல் சதர்க் கவுன்சில் தன் குடியிருப்பாளர்களிடம் தண்ணீருக்குக் கூடுதலாக வாங்கியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்து மூலமான முறைப்பாட்டுக்கு நிறுவனம் 10 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதன் பின்னும் தீரவில்லை என்றால் தண்ணீர் வாடிக்கையாளர்களுக்காகப் பேசும் ‘கன்சூமர் கவுன்சில் ஃபார் வாட்டர்’ என்ற அமைப்பிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பணத்தை மீட்டுத் தருகிறோம், பங்கு கொடுங்கள் என்று வரும் இடைத்தரகர்களுக்கு இதில் செய்ய ஒரு வேலையும் கிடையாது. உங்களுக்குத் தண்ணீர்ப் பணம் திரும்ப வருகிறது, இங்கே அழுத்துங்கள் என்று வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள்.

கோயில் நிர்வாகத்திலும் தமிழ்ப் பாடசாலை நிர்வாகத்திலும் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தொகை காத்திருக்கக்கூடும். சில நிறுவனங்கள், வீடல்லாத கட்டடங்களுக்கு மழைநீர்க் கட்டணத்தை இடத்தின் பரப்பளவை வைத்துக் கணக்கிடுகின்றன. பெரிய கார் நிறுத்துமிடம் உள்ள கோயிலுக்கு அது பாரமான பில். புல்தரையும் நீர் இறங்கும் சரளைத் தரையும் தவறாகக் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று அவர்கள் அளந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2010ஆம் ஆண்டின் வெள்ளம் மற்றும் நீர் முகாமைத்துவச் சட்டம், சமூக அமைப்புகளுக்குச் சலுகை தர நிறுவனங்களை அனுமதிக்கிறது. எல்லா நிறுவனங்களும் தருவதில்லை, கேட்டால்தான் தெரியும். இங்கிலாந்தில் 2017 ஏப்ரலுக்குப் பிறகு இப்படியான இடங்களுக்கு பில் அனுப்புவது தனி விற்பனை நிறுவனம் என்பதால் கடிதம் அவர்களுக்கே போக வேண்டும்.

தண்ணீர் நிறுவனங்களின் கட்டண ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. நடப்பு ஆண்டுப் பணத்தை மட்டும் திரும்பத் தரும் நிறுவனமாக இருந்தால், மார்ச் 31க்கு முன் போய்ச் சேரும் படிவம் ஓர் ஆண்டுப் பணத்தைக் காப்பாற்றும்.