குதிக்கக் கற்றுக்கொடுத்தோம், இறங்க?

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ஓர் இளம் ஆசிரியர் வலைப்பந்துப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். எகிறிப் பந்தைப் பிடித்து இறங்கும்போதெல்லாம் ஒரு மாணவியின் முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று இடித்தன. ஆசிரியரும் பார்த்தார், பேசாமல் இருந்தார். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. மாணவிகளின் முழங்கால் காயம் பற்றிப் பயிற்சி கொடுக்கும் நாம் சொல்லிக்கொள்ளும் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பெண்களுக்கு எலும்பே அப்படித்தான்"

இதைச் சொல்லித் திரிந்தவன் நானேதான். மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி இப்படி இறங்குவதை ஓராண்டு பார்த்தேன். இடுப்பு அகலம், தொடையெலும்பு சாய்ந்து வருகிறது, நாம் என்ன செய்வது என்று அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒருநாள் யாரும் மோதாமலே 'டொக்' என்று ஒரு சத்தம். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் (ACL) நார் அறுந்துவிட்டது.

படித்தது பொய்யல்ல. பெண்களுக்கு அந்த நார் சராசரியாகச் சிறியது. தொடையெலும்பின் அடியில் அது இருக்கும் பள்ளமும் குறுகல். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் அது அறுபடும் ஆபத்து பெண்களுக்கு 2 முதல் 8 மடங்கு அதிகம் என்பார்கள். பருவமடையும் வயதில்தான் இந்த வித்தியாசம் தலைகாட்டுகிறது.

ஆனால் எலும்பு பாதிக் கதைதான். காலை மடக்காமல் விறைப்பாக இறங்குவதும், முன்தொடை மட்டும் உழைக்கப் பின்தொடை தூங்குவதும் பழக்கம். பழக்கத்தை மாற்றலாம். அதிலும் வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. இறங்கிய இடத்திலேயே சட்டென நிற்க வேண்டும். அந்த அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்குத்தான். கால்பந்துக்காரர்கள் காயத்தைத் தவிர்க்கச் செய்யும் 'ஃபிஃபா 11 பிளஸ்' பயிற்சிக்கு 20 நிமிடம் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். என் மாணவிகளுக்கு நான் சொல்வது இன்னும் எளிது: சிமெண்டுத் தரையில் இறங்கும் சத்தம் என் காதில் விழுந்தால் மறுபடி குதி.

"சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவினால் போதும்"

போதாது. 'டொக்' சத்தமும் சில மணி நேரத்தில் வீக்கமும் என்றால் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

"வீக்கம் வடிந்துவிட்டது"

வடியும். நார் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

"அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது"

ஒன்பதுக்கு முன் திடலில் இறக்காதீர்கள். அப்போதும் ஒற்றைக்காலில் தாவச் சொல்லி, நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவட்டப் போட்டிக்கு ஆள் குறைகிறதா? குறையட்டும்.